போன் வேணாம், நெட் மட்டும் போதும்: பழைய போன் ஜாக்ல வயர் எப்படி மாட்டணும்?

வடகடல்_மண்டபம்:
எல்லாருக்கும் வணக்கம். மண்டபத்துல வடகடல் பக்கம் எங்க வீடு. அப்பா இருந்தப்ப போட்ட லேண்ட்லைன சரண்டர் பண்ணி நாலஞ்சு வருசம் ஆச்சு, கம்பத்துலருந்து வர்ற கம்பி மட்டும் அப்படியே கெடக்கு. தங்கச்சி நர்சிங் படிக்கிறா, காத்து கொஞ்சம் வேகமா அடிச்சா மொபைல் சிக்னல் போயிருது, அதனால போன் நம்பர் இல்லாம நெட் மட்டும் அதே காப்பர் லைன்ல வாங்கிருக்கோம். எக்ஸ்சேஞ்சுல போர்ட் போட்டாச்சு, வீட்டுக்குள்ள வயரிங் நீங்கதான் பாத்துக்கணும்னுட்டாங்க. ஹால்ல பழைய ரொசெட் பாக்ஸ் (போன் கம்பி வந்து முடியுற சின்ன சுவத்துப் பெட்டி) இருக்கு, அங்கிட்டிருந்து அம்மா ரூமுக்கு ஒரு எக்ஸ்டென்சன் போகுது. பக்கத்து வீட்டு போன வாங்கி மாட்டிப் பாத்தேன், டயல் டோனே இல்ல. போனையும் நெட்டையும் பிரிக்கிற பழைய ஸ்பிளிட்டர்ல மோடத்த மாட்டுனா டிஎஸ்எல் லைட்டு, அதான் லைன் கெடச்சுதான்னு காட்டுற லைட்டு, மினுக்கிக்கிட்டே இருக்கு. பாக்ஸத் தொறந்தா நாலு கம்பி, எல்லாம் பச்சை பூத்துக் கெடக்கு. லைன் செத்துப்போச்சா இல்ல நான்தான் தப்பா மாட்டுறேனா? அடுத்த வாரம் அவளுக்கு பரீட்சை, யாராச்சும் சொல்லுங்கண்ணே.

கம்பம்_ஏறுனவன்:
தம்பி, டோன் இல்லன்னு லைன் செத்துருச்சுன்னு நெனைக்காதீங்க. டோன் குடுக்குறது எக்ஸ்சேஞ்சுல இருக்குற போன் சைடு, நீங்க அத வாங்கவே இல்லயே, அப்புறம் எங்கிட்டிருந்து வரும். பேச்சு போறது 4 கிலோஹெர்ட்ஸுக்குள்ள, நெட்டு 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேல ஆரம்பிச்சு காப்பர் லைன் நெட்டுல ஏடிஎஸ்எல் 2 பிளஸ்ங்குற வகைன்னா 2.2 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகும். மோடத்துல டிஎஸ்எல் லைட்டு அசையாம நின்னா லைன் உசுரோட இருக்கு, அது ஒண்ணுதான் உங்களுக்கு டெஸ்ட்டு.

மொதல்ல அந்த ஸ்பிளிட்டரத் தூக்கி வைங்க. போன்னு போட்ட ஓட்டைல மோடத்த மாட்டிருந்தா அது நெட் சிக்னல உள்ளயே விடாது, அதோட வேலையே அதுதான். போனே இல்லாத வீட்டுக்கு ஸ்பிளிட்டர் எதுக்கு.

வெளியிலருந்து வர்ற ஜோடி ரெண்டு கம்பி, அது ஆர்ஜே 11ங்குற சின்ன போன் ஜாக்ல நடுவுல இருக்குற ரெண்டு பின்னுக்குப் போகணும், அவ்வளவுதான். எது இடம் எது வலம்னு கவலை வேணாம், மாத்தி மாட்டுனாலும் மோடம் ஓடும். மிச்ச ரெண்டும் அம்மா ரூமுக்குப் போறது, அதக் கழட்டிருங்க. முனைல ஒண்ணுமே இல்லாம தொங்குற வயர்ல சிக்னல் போய் மோதித் திரும்பி வந்து நல்ல லைனையும் கெடுத்துரும், இத நெறைய வீட்ல பாத்துட்டேன்.

அப்புறம் அந்தப் பச்சை. 1914ல தொறந்த பாம்பன் ரயில் பாலத்தையே உப்புக்காத்து அரிச்சுது, அரை மில்லி காப்பர் எம்மாத்திரம். சொரண்டி மாட்டாதீங்க, பளபளன்னு செம்பு தெரியுற வரைக்கும் வெட்டித் தள்ளிட்டு புதுசா சீவி மாட்டுங்க. வெளில ஜாயிண்ட் இருந்தா முறுக்கி டேப்பு சுத்துறது ஆகவே ஆகாது, டேப்புக்குள்ள ஈரம் எறங்கி உள்ளயே உக்காந்துக்கும். ஜெல்லி வச்ச கனெக்டர் போட்டு அமுக்குங்க. கம்பி சுவத்துல நுழையுற எடத்துக்கு முன்னாடி கொஞ்சம் தொங்கவிட்டு வளைச்சு மேல ஏத்துங்க, மழைத்தண்ணி அந்த வளைவுலயே சொட்டிரும்.

கீழக்கரை_தெற்குத்தெரு:
அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஒண்ணு சேத்துக்கங்க, மோடம் பேஜ் பொதுவா 192.168.1.1ல தொறக்கும், அதுல எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சலத் தாங்க சிக்னல்ல எவ்வளவு மிச்சம் இருக்குங்குற அளவு) பாருங்க, 6 டெசிபலுக்குக் கீழ போனா லைட்டு விழுந்து விழுந்து எந்திரிக்கும். எங்க வீட்ல நாலு மாசம் இதே அவஸ்தை, வாப்பா ரூம் எக்ஸ்டென்சனக் கழட்டுன அன்னைக்குத்தான் நின்னுச்சு. உங்க தெருவுக்கு ஃபைபர் வந்துருச்சான்னும் விசாரிங்க. வந்தா இந்த ஜாக்கே நெட்டுக்கு வேணாம், கண்ணாடி இழை நேரா வேற பெட்டிக்கு வந்துரும்.

உச்சிப்புளி_தோப்பு:
இடி மின்னல் நேரத்துல அந்தக் கம்பியத் தொடவே செய்யாதீங்க தம்பி. ஐப்பசி கார்த்திகைல மேகம் கட்டுனாலே போன் ஒயரு, பவர் ரெண்டையும் புடுங்கிருங்க. எங்க மோடம் அப்படித்தான் கருகுச்சு. அப்புறம் பழைய லைன்ல 48 வோல்ட்டு இருந்தாலும் இருக்கும், காஞ்ச கையோட வேலை பாருங்க.

வடகடல்_மண்டபம்:
அண்ணே, லைட்டு நின்னுருச்சு! ஸ்பிளிட்டர எடுத்தேன், எக்ஸ்டென்சனக் கழட்டுனேன், கம்பிய மூணு இஞ்சு வெட்டுன பெறகுதான் நல்ல செம்பு வந்துச்சு. மார்ஜின் 11 காட்டுது, மதியத்துலருந்து ஒரு தடவ கூட விழல. ஆனா தங்கச்சி அம்மா ரூம்லதான் படிப்பா, அங்கிட்டு வைஃபை எட்டல. அந்த எக்ஸ்டென்சன திரும்ப மாட்டி மோடத்த அங்க வைக்கலாமா?

கம்பம்_ஏறுனவன்:
வேணாம் தம்பி, மோடம் ஹால்லயே இருக்கட்டும். அங்கிருந்து ஒரு லேன் கேபிள் இழுங்க, 100 மீட்டர் வரைக்கும் தாங்கும், அந்தப் பக்கம் சின்னதா ஒரு ரவுட்டர் வச்சா போதும். தங்கச்சிய நல்லா எழுதச் சொல்லுங்க.