வாங்கிய வீட்டின் மச்சில் துப்பாக்கி: காவல் நிலையமா, விற்றவர் வீடா?

மச்சுவீடு எழுதியது:

வணக்கம். புதுக்கோட்டை மாவட்டத்தில் பழைய ஓட்டு வீடு ஒன்றைச் சென்ற மாதம் கிரயம் செய்தேன். மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாவற்றையும் பார்த்துத்தான் வாங்கினேன். முந்தாநாள் ஓடு மாற்ற வந்தவர்கள் மச்சில் ஏறியபோது, சாக்கில் சுற்றிய இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றை இறக்கினார்கள். குழலின் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய வகை அது. கூடவே ஒரு பித்தளை மருந்துக் குடுவையும், ஈயக் குண்டுகளும், அந்தத் துப்பாக்கிக்குப் பொருந்தாத நான்கு தோட்டாக்களும் இருந்தன. விற்றவரைக் கேட்டால், "எங்கள் தாத்தா காலத்துச் சாமானாக இருக்கும், உரிமம் இருந்ததா என்று தெரியாது, வேண்டாமென்றால் எங்களிடமே கொடுத்துவிடுங்கள்" என்கிறார். "வீட்டிலுள்ள தட்டுமுட்டுச் சாமான்கள் உள்பட" என்று பத்திரத்தில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியே எனக்கு வினையாகுமோ என்று இரண்டு நாளாகத் தூக்கமில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

பழம்பொருள் ஆர்வலர் எழுதியது:

அவசரப்பட்டுக் காவல் நிலையத்துக்குப் போக வேண்டாம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 45ஆம் பிரிவின் 'சி' உட்பிரிவைப் படித்துப் பாருங்கள். வழக்கொழிந்த வகை ஆயுதம், தொன்மை மதிப்புள்ள ஆயுதம், பழுதுபார்த்தாலும் சுட இயலாத ஆயுதம் ஆகியவற்றுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது. வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி வழக்கொழிந்த வகை என்பதில் யாருக்கு ஐயம் இருக்க முடியும்? மறுபுறம், உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதற்கான தண்டனை 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தது 2 ஆண்டு, அதிகம் 5 ஆண்டு. நேர்மையாகப் போய்ச் சொன்னவரையே முதல் எதிரியாக எழுதிவிடுவார்களோ என்ற அச்சம் வீண் அச்சமல்ல. பொருள் யாருடையதோ அந்தக் குடும்பத்திடமே சேர்த்துவிடுங்கள். அது அவர்களுடைய முன்னோரின் நினைவும்கூட.

மதுரை வழக்குரைஞர் எழுதியது:

ஆர்வலர் ஐயா சொன்ன பிரிவு உண்மையானதுதான், ஆனால் அதை அவர் படித்த விதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. வழக்கொழிந்தது, தொன்மையானது, பழுதுற்றது என்று மூன்றையும் அடுக்கிவிட்டு, "பழுதுபார்த்தோ பார்க்காமலோ துப்பாக்கியாகப் பயன்படுத்த இயலாதது" என்ற நிபந்தனையைச் சட்டம் இறுதியில் வைக்கிறது. அந்த நிபந்தனை மூன்றையும் கட்டுப்படுத்துகிறது என்றுதான் நான் படிக்கிறேன். இல்லையென்றால் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பிடிபடும் நாட்டுத் துப்பாக்கிகள் மீது வழக்கே போட முடியாது, ஏனெனில் அவற்றிலும் பல வாய் வழியே மருந்து கெட்டிப்பவைதான். வெடிமருந்தின் விசையால் குண்டை எறியும்படி அமைந்த எதுவும் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கியே. உங்கள் மச்சில் கிடைத்தது சுடுமா, சுடாதா என்பதை நீங்களோ நானோ இந்த ஆர்வலரோ தீர்மானிக்க முடியாது. அதை ஆய்ந்து சொல்ல வேண்டியவர் தடய அறிவியல் வல்லுநர்.

துப்பாக்கி தப்பினாலும் தோட்டாக்கள் தப்பாது என்பதையும் கவனியுங்கள். அந்த உட்பிரிவு ஆயுதத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது. தோட்டா வைத்திருக்கவும் 3ஆம் பிரிவின்படி உரிமம் வேண்டும். அந்த நான்கு தோட்டாக்கள் மட்டுமே கிடைத்திருந்தாலும் என் ஆலோசனை மாறியிருக்காது.

உங்களைத் தூங்கவிடாத கேள்விக்கு வருகிறேன். பத்திரத்தில் அப்படி ஒரு வரி இருப்பதால் மட்டும் நீங்கள் குற்றவாளி ஆகிவிட மாட்டீர்கள். குன்வந்த் லால் வழக்கில் 1972இல் உச்ச நீதிமன்றம், துப்பாக்கியை 'வைத்திருத்தல்' என்பதில் அறிவும் அடங்க வேண்டும் என்று சொன்னது. மச்சில் இருப்பது தெரியாமல் நீங்கள் குடியிருந்த நாள்களுக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. ஆனால் அதே தீர்ப்பு, பொருள் கையில் இல்லாவிட்டாலும் கட்டுப்பாட்டில் இருந்தால் அதுவும் உடைமையே என்கிறது. ஆகவே தொழுவத்தில் வைத்தேன், பக்கத்து வீட்டில் வைத்தேன் என்பதெல்லாம் உதவாது. முந்தாநாள் சாக்கை அவிழ்த்த நேரத்திலிருந்து உங்களுக்குத் தெரியும். கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

விற்றவரிடம் திருப்பித் தரும் யோசனையைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். உரிமமின்றித் துப்பாக்கியைக் கைமாற்றுவதை 5ஆம் பிரிவு தடை செய்கிறது. அதை மீறுவதற்கான தண்டனை 2019க்குப் பின் குறைந்தது 7 ஆண்டு, அதிகம் ஆயுள். வைத்திருந்தால் வரக்கூடிய தண்டனையைவிடக் கொடுத்தால் வரக்கூடியது கடுமையானது. நல்ல மனத்தோடு கொடுக்கிறேன் என்று ஒருவர் அந்தக் குழியில் விழுவதை நான் பார்க்க விரும்பவில்லை.

பழம்பொருள் ஆர்வலர் எழுதியது:

தோட்டாக்களைப் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், நான் அதைக் கவனிக்கவில்லை. திருப்பித் தரச் சொன்னதையும் விலக்கிக்கொள்கிறேன். ஆனால் ஒப்படைப்பதற்கு நீங்கள் சுட்டப்போவது 21ஆம் பிரிவாகத்தான் இருக்கும். அது, வைத்திருப்பது 'சட்டப்படி செல்லாததாகிவிட்ட' ஆயுதத்தை வீண் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது. உரிமம் காலாவதியானவருக்கு அது பொருந்தும். இவருக்கோ என்றுமே உரிமம் இருந்ததில்லை. ஒருபோதும் செல்லுபடியாகாத ஒன்று எப்படிச் செல்லாததாக 'ஆக' முடியும்? அந்தப் பிரிவு இவருக்குக் குடையாகாது என்றால், நிலையத்தின் படியேறுவதே ஒப்புதல் வாக்குமூலமாகிவிடும். குடகில் அவ்வூர்க் குடிகளான கொடவர்களுக்கும், 'ஜம்மா' எனப்படும் பரம்பரை உரிமை நிலம் உடையோருக்கும் உரிமத்திலிருந்தே விலக்கு இருக்கிறது, அந்த விலக்கு 2029 வரை நீட்டிக்கவும் பட்டிருக்கிறது. ஓரிடத்தில் மரபு என்று மதிக்கப்படும் பொருள் இன்னோரிடத்தில் குற்றமாவதை எண்ணி வருந்துகிறேன்.

மதுரை வழக்குரைஞர் எழுதியது:

குடகின் விலக்கு ஆளுக்கு உரியது, வீட்டுக்கு உரியதல்ல. அங்கே தோட்ட பங்களா வாங்கும் வெளியாருக்கும் இதே நிலைதான்.

21ஆம் பிரிவைப் பற்றி எழுப்பிய கேள்வி நியாயமானது. எழுத்துப்படி பார்த்தால் அது இவரை முழுமையாக மூடவில்லை. ஆயினும் அங்கே உரிமக் காலாவதி, ரத்து ஆகியவற்றோடு 'வேறு எந்தக் காரணத்தாலாயினும்' என்ற சொற்களும் உள்ளன. தாத்தாவுக்கு உரிமம் இருந்து, அவர் இறந்ததால் அது முடிந்திருந்தால், அந்தப் பொருள் இந்தப் பிரிவுக்குள் வந்துவிடுகிறது. இது போக, 39ஆம் பிரிவின்படி மாவட்ட நடுவரின், அதாவது நம் மாநிலத்தில் மாவட்ட ஆட்சியரின், முன் அனுமதி இல்லாமல் உரிமமின்றி வைத்திருந்ததற்கு வழக்குத் தொடுக்க முடியாது. தானாக முன்வந்து தகவல் தந்தவர் மீது அனுமதி கேட்டுக் கோப்பு போனால், அவருடைய கடிதமே அந்தக் கோப்பில் அவருக்காகப் பேசும். மலைப்பகுதிகளில் தாமாக ஒப்படைப்போர் மீது வழக்கு இல்லை என்று காவல்துறையே அவ்வப்போது அறிவித்து வாங்கியிருக்கிறது. படியேறுவது ஒப்புதல் வாக்குமூலம் என்றால் அப்படி ஒப்படைத்த மலைவாழ் மக்கள் எல்லோரும் இன்று சிறையில் இருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற ஏட்டு எழுதியது:

சட்டம் படித்தவர்கள் பேசுங்கள், ஆனால் அதற்கு முன்னால் ஒன்று. தம்பி, அந்தத் துப்பாக்கியை யாரும் தொட வேண்டாம், எண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டாம், குதிரையை இழுத்துப் பார்க்கவே வேண்டாம். அந்தக் காலத்தில் காட்டுப்பன்றிக்கென்று மருந்து கெட்டித்து அப்படியே மேலே செருகி வைப்பார்கள். கரிமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு வருடம் ஆனாலும் உயிரோடு இருக்கும். அறையைப் பூட்டிச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பையில் போட்டுப் பேருந்தில் நிலையத்துக்கு எடுத்துப் போகவும் கூடாது. வழியில் பிடித்தால் நீங்கள் சொல்வதை யார் நம்புவார்? 112க்கோ நிலையத்துக்கோ தொலைபேசியில் சொல்லுங்கள், அவர்கள் வந்து எடுக்கட்டும்.

மச்சுவீடு எழுதியது:

ஐயா, நன்றி. அறையைப் பூட்டிவிட்டேன். ஓட்டு வேலைக்காரர் இருவரும் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டார்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன்: பின்னால் அந்தக் குடும்பம் "எங்கள் துப்பாக்கி எங்கே" என்று வந்தால் நான் என்ன சொல்வது?

மதுரை வழக்குரைஞர் எழுதியது:

ஒப்படைத்த ரசீதைக் காட்டுங்கள். உரிமம் பெறும் தகுதியுள்ள வாரிசு, குறிப்பிட்ட காலத்துக்குள் விண்ணப்பித்து உரிமம் வாங்கினால் அதைத் திரும்பப் பெறலாம். முறைப்படி விற்கவும் வழியுண்டு. யாரும் கேட்காவிட்டால் ஆட்சியரின் ஆணையால் அரசுடைமையாகும்.

இன்றே ஒரு கடிதம் எழுதுங்கள். கிரயத் தேதி, கண்டெடுத்த நாளும் நேரமும், இறக்கியவர்களின் பெயர்கள், இருந்த பொருள்களின் பட்டியல், விற்றவரிடம் கேட்டபோது கிடைத்த பதில் ஆகியவற்றை உள்ளபடி எழுதுங்கள். இரண்டு நாள் தாமதமானதையும் மறைக்காமல் எழுதி, சட்டம் தெரியாமல் ஆலோசனை கேட்டுக்கொண்டிருந்தேன் என்ற காரணத்தையும் சேருங்கள். பத்திர நகலை இணைத்து, ஒரு படியை நிலையத்திலும் இன்னொன்றைப் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் அனுப்புங்கள். ரசீது கையில் வராமல் பொருளை வாசல் தாண்ட விடாதீர்கள்.

பழம்பொருள் ஆர்வலர் எழுதியது:

கிடக்கும் நிலையிலேயே, தொடாமல், எட்ட நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். குழலின் அடியில் தயாரிப்பாளர் பெயரோ சோதனை முத்திரையோ தெரிந்தால் அதையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். 'பழைய துப்பாக்கி ஒன்று' என்று மட்டும் எழுதிக்கொண்டால் நாளை அது எந்தத் துப்பாக்கி என்று யாராலும் சொல்ல முடியாது. சட்டம் உங்களைக் காப்பதைவிட அந்தக் காகிதம் உங்களைக் காக்கும் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன்.

மச்சுவீடு எழுதியது:

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். உதவி ஆய்வாளரும் இரண்டு காவலர்களும் வீட்டுக்கே வந்தார்கள். தோட்டாக்கள் நான்கையும் தனியாக எண்ணி, தனியாக உறையிலிட்டார்கள். இடது குழலில் பாதிக்கு மேல் ஈர்க்குச்சி இறங்கவில்லை, உள்ளே ஏதோ கெட்டித்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, வெடிபொருள் பிரிவினரை அழைத்த பிறகுதான் எடுத்துப் போனார்கள். ஏட்டு ஐயா, என் மகன் முதல் நாள் அந்தக் குதிரையை இழுத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டான். ரசீதில் குழல் முத்திரை எழுதப்பட்டிருக்கிறது. வழக்குப் பதிவா, மனு ரசீதோடு முடியுமா என்பது ஆய்வறிக்கை வந்த பிறகே தெரியும் என்றார்கள்.