மறு: நியூக்ளைடுக்குத் தமிழ்: ‘அணுவினம்’ வேண்டாம், ‘கருவினம்’ என்போம்

ஐயா, வணக்கம்.

நியூக்ளைடுக்கென்று (கருவிலுள்ள புரோட்டான், நியூட்ரான் எண்ணிக்கை, கருவின் ஆற்றல் நிலை ஆகியவற்றால் அடையாளம் பெறும் அணுவகை) தமிழில் தனிச்சொல் எதற்கு, ஐசோடோப்பு என்றே எழுதிவிட்டுப் போகலாமே என்று நேற்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஐசோடோப்பு ஓர் உறவுச்சொல், பங்காளி என்கிறோமே அதைப் போல. ஒருவரைக் காட்டி ‘இவர் பங்காளி’ என்றால் யாருக்கு என்ற கேள்வி உடனே வரும். மார்கரெட் டாட் என்ற மருத்துவர் எடுத்துக் கொடுத்து 1913-இல் வேதியியலாளர் சாடி பயன்படுத்திய அந்தச் சொல்லுக்கே ‘ஒரே இடம்’ என்றுதான் பொருள். புரோட்டான் எண்ணிக்கை ஒன்றாகவும் நியூட்ரான் எண்ணிக்கை வேறாகவும் இருந்து, தனிம அட்டவணையில் ஒரே கட்டத்தில் உட்காருபவை. இலங்கையில் எழுதும் சமதானியும் அதையேதான் சொல்கிறது.

பொட்டாசியம்-40-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 19 புரோட்டான், 21 நியூட்ரான். பொட்டாசியம்-39-க்கு இது ஐசோடோப்பு, நிறை எண் (புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்த எண்ணிக்கை) ஒன்றாக இருப்பதால் ஆர்கான்-40-க்கும் கால்சியம்-40-க்கும் ஐசோபார், அதே 21 நியூட்ரான் வைத்திருக்கும் கால்சியம்-41-க்கு ஐசோடோன். ஒரே ஆள் ஒரு வீட்டுக்குப் பங்காளி, இன்னொரு வீட்டுக்கு மாமன், மற்றொரு வீட்டுக்குச் சம்பந்தி. சரி, அந்த ஆளை எப்படிக் குறிப்பது? அதற்குத்தான் 1947-இல் கோமன் என்ற அணுக்கரு வேதியியலாளர் நியூக்ளைடு என்ற சொல்லைக் கொண்டுவந்தார்.

‘அணுவினம்’ என்று முன்வைத்த நண்பருக்கு: கோமனின் வரையறையே ‘கருவின் அமைப்பால் அடையாளம் பெறும் அணுவகை’ என்பதுதான், ஆகவே உங்கள் சொல் தவறில்லை. ஆனால் அணுவினம் என்றதும் படிக்கிற பிள்ளை தனிமத்தை நினைத்துக்கொள்ளும், சோடியம் ஓர் அணுவினம், குளோரின் ஓர் அணுவினம் என்று. அப்புறம் அயனி. வாழைப்பழத்தில் உள்ள பொட்டாசியம் ஓர் எலக்ட்ரானை இழந்து நேர்மின் அயனியாகத்தான் இருக்கிறது, அதில் பத்தாயிரத்துக்கு ஏறக்குறைய ஒன்று பொட்டாசியம்-40. எலக்ட்ரான் போனாலும் வந்தாலும் அது அதே நியூக்ளைடுதான், ஏனென்றால் கணக்கில் வருவது கரு மட்டுமே. ‘கருவினம்’ என்று சொல்லிலேயே கரு இருந்தால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

உயிரியல் கருவோடு மோதுமே என்றால், கருப்பிளவு என்று எழுதும்போது யாரும் தடுமாறுவதில்லை. முதல் இடத்தில் ‘அணுக்கருவினம்’ என்று முழுதாக எழுதிவிட்டுப் பிறகு சுருக்கிக்கொள்ளலாம்.

எலும்பு ஸ்கேன் பற்றிய ஒரு குறிப்பைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், அதில் போட்டுப் பார்த்தேன்: ‘டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கக் கருவினத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம்.’ வாசிக்க இடறவில்லை.

ஒன்றுதான் இன்னும் உறுத்துகிறது. டெக்னீசியம்-99-க்கும் 99எம்-முக்கும் புரோட்டான், நியூட்ரான் எல்லாம் ஒன்றே, கருவின் ஆற்றல் நிலை மட்டும் வேறு. வரையறைப்படி இவை இரண்டு நியூக்ளைடுகள். ‘இனம்’ என்ற சொல் அந்த வேறுபாட்டைத் தாங்குமா, அல்லது ‘நிலை’ என்று ஏதாவது சேர்க்க வேண்டுமா? இயற்பியல் நடத்துபவர்கள் சொல்லுங்கள்.