லைக்கார்ட் ஓவலில் அப்பாவை எங்கே உட்கார வைக்கலாம்?

சிட்னி நண்பர்களே, ஒரு உதவி. ஊரிலிருந்து வந்திருக்கிற அப்பாவை வெஸ்ட்ஸ் டைகர்ஸ் ரக்பி லீக் ஆட்டத்துக்குக் கூட்டிட்டுப் போகணும். பால்மெய்ன், வெஸ்டர்ன் சபர்ப்ஸ்னு ரெண்டு கிளப் 1999இல் இணைஞ்சு உருவான கிளப் இது. அதனால லைக்கார்ட் ஓவல், கேம்பல்டவுன்னு ரெண்டு தாய்வீட்டு மைதானம்! பரமாட்டாவில் 2019இல் திறந்த 30,000 இருக்கை மைதானத்திலும் ஆடுவாங்க. வசதி அங்கேதான். ஆனா லைக்கார்ட் புல்மேட்டில் உட்கார்ந்து கத்துற சுகம் வருமா?

சிக்கல், அப்பாவுக்கு மூட்டுவலி. நேத்து பார்க்கில் புல்தரையிலிருந்து எழவே என் தோளை ரெண்டு தடவை பிடிச்சார். லைக்கார்டில் கூரையுள்ள ஸ்டாண்டில் படி குறைவான வரிசை எது? லில்லிஃபீல்ட் லைட் ரெயில் நிறுத்தத்திலிருந்து அவரால நடக்க முடியுமா, டாக்ஸியே மேலா? போய் வந்தவங்க சொல்லுங்க.