இழை: இம்ப்ரெஷன் – காட்டலா, காணலா, தோன்றலா?

அன்புள்ள குழுவினருக்கு,

விளம்பர வருவாய் அறிக்கைப் பலகம் ஒன்றின் தமிழாக்கம் வெள்ளிக்கிழமைக்குள் போயாக வேண்டும். வேலை 'இம்ப்ரெஷன்' (பக்கத்தில் ஒரு விளம்பரம் ஒருமுறை இடம்பெறுவது) என்ற நிரலில் வந்து நிற்கிறது. 'பார்வை' ஆகாது, அது பக்கப் பார்வைக்குப் போய்விட்டது. ஒரு பக்கம் 20,000 முறை திறக்கப்படுகிறது, மூன்று விளம்பர இடங்கள், 80% நிரம்புகின்றன. ஆக 48,000 இம்ப்ரெஷன். வருவாய் 1,920 என்றால் ஆயிரம் இம்ப்ரெஷனுக்கு 40, ஆயிரம் பக்கப் பார்வைக்கு 96. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் கணக்கே தப்பு என்பார்கள்.

———

'பதிவு' என்று ஏற்கெனவே எழுதுகிறார்களே ஐயா? அச்சு பதிவது போல.

———

வலைப்பதிவர் பார்க்கும் அறிக்கை அது. "ஒரு பதிவுக்கு மூன்று பதிவுகள்" என்று வரும், பரவாயில்லையா? என் பரிந்துரை: தோன்றல்.

———

> என் பரிந்துரை: தோன்றல்

தோன்றல் என்றால் தலைவன். '48,000 தோன்றல்கள்' என்றால் படையெடுப்பு மாதிரி இருக்கிறது. புணர்ச்சி விகாரத்தை எடுத்தாலும் தோன்றல் தனியே வராது. திரிதலும் கெடுதலும் கூடவே வரும். கெடுதலுக்கு இங்கே வேலை உண்டு என்பது வேறு: மனிதர் அல்லாமல் தானியங்கி மென்பொருள்கள் திறந்த பக்கங்களைச் செல்லாதவை என்று பிறகு கழிப்பார்கள், தொகை குறையும்.

நம் இலக்கணத்திலேயே விடை இருக்கிறது. காண் தன்வினை, காட்டு பிறவினை. விளம்பரம் பக்கத்தில் வரையப்படத் தொடங்கினாலே எண்ணிவிடுகிறார்கள், அது காட்டல். பாதிப் படப்புள்ளிகளாவது தொடர்ந்து ஒரு நொடி, காணொளியானால் இரண்டு நொடி, திரைக்குள் இருந்தால்தான் காணல். 48,000 காட்டலில் 60% காணல் என்றால் 28,800. காணலுக்கு மட்டும் பணம் தருபவர் அதே 40 வீதத்தில் 1,152தான் தருவார். பக்கத்தின் அடியில் நான்காவது இடத்தைச் செருகினால் காட்டல் ஏறும், காணல் விகிதம் இறங்கும். விளம்பர இடங்களுக்கான ஏலத்தில் அந்த விகிதத்தைப் பார்ப்பவர்கள் விலையைக் குறைப்பார்கள். வருவாய் ஏன் கூடவில்லை என்று கேட்பவருக்கு இந்த இரண்டு சொற்களே பாதி விடை.

———

அருமை. அப்படியானால் சி.பி.எம். (ஆயிரம் இம்ப்ரெஷனுக்கான விலை) 'ஆயிரக்காட்டல் விலை'. கடைசி எழுத்து இலத்தீனின் ஆயிரம்தானே. மில்லியன் என்று மயங்காமலும் இருக்கும்.

———

ஆயிரம் தமிழ்தானா என்று முதலில் முடிவு செய்யுங்கள். சகஸ்ரத்தின் திரிபு என்பார் உண்டு. கன்னடத்தில் சாவிர, சகரம் கெட்டால்...

———

ஐயா, வெள்ளிக்கிழமை.

———

விளம்பரத்தை விற்பவரும் வாங்குபவரும் இம்ப்ரெஷன் என்றுதான் பேசுகிறார்கள். அப்படியே விடுங்கள். பஸ் ஓடவில்லையா?

———

பஸ்ஸும் ஓடுகிறது, பேருந்தும் ஓடுகிறது.

———

நன்றி. பெரும்பான்மையை ஏற்று 'விளம்பரக் காட்டல்', 'விளம்பரக் காணல்' என்று கோப்பில் ஏற்றிவிட்டேன். சுட்டியை மேலே வைத்தால் 'இம்ப்ரெஷன்' என்று குறிப்பு வரும்.

———

கைப்பேசியில் சுட்டி ஏது? நிரலும் குறுகல், இரண்டு தலைப்பும் 'விளம்பரக் கா...' என்று வெட்டுப்படும். தோன்றலுக்கே என் வாக்கு.