அவசரம்: எலக்ட்ரீஷியன் லைசென்ஸ் எங்கே பார்ப்பது?

ஓமலூர்க்காரன்
வணக்கம். வீட்டு மின் பேனலை (மெயின் பிரேக்கர் பெட்டி) மாற்ற ஒருவர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார், மற்ற இருவரைவிட நன்றாகவே குறைவு. லைசென்ஸ் நம்பரும் எழுதியிருக்கிறார். ஆனால் நகரத்தின் அனுமதியான பெர்மிட்டை நானே என் பெயரில் எடுக்க வேண்டுமாம், பாதிப் பணம் முன்கூட்டியே வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லணும். ஆள் சரியா என்று எப்படிப் பார்ப்பது?

வைகைக்கரை
எந்த மாநிலம், எந்த ஊர்? ஊரைச் சொல்லாமல் கேட்டால் யார் என்ன சொல்வது?

சாந்தி_மில்பிட்டாஸ்
எத்தனை ஆம்பியர் பேனல்? எதற்காக மாற்றுகிறீர்கள்?

ஓமலூர்க்காரன்
கலிஃபோர்னியா, ஃப்ரீமான்ட். 100 ஆம்பியரை 200 ஆக்கணும். கார் சார்ஜருக்காக.

மின்னல்மாமா
பேனலே மாற்ற வேண்டாம் தம்பி. வீடு மொத்தம் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று முதலில் லோடு கணக்குப் போடுங்கள். 240 வோல்ட்டில் 20 ஆம்பியர் சர்க்யூட் ஒன்று போட்டால் 16 ஆம்பியர் தொடர்ந்து இழுக்கலாம், கிட்டத்தட்ட 3.8 கிலோவாட். இரவு 10 மணி நேரத்தில் 38 யூனிட் ஏறிவிடும். தினமும் அவ்வளவு தூரமா ஓட்டுகிறீர்கள்?

கிண்டி_பழனி (மூத்த உறுப்பினர்)
கேள்வி அதுவல்ல. இதே கேள்வி இங்கே திரும்பத் திரும்ப வருகிறது, கேட்கும் முன் யாரும் தேடிப் பார்ப்பதில்லை. சரி, இன்னொரு முறை சொல்கிறேன். மாநில லைசென்ஸ் போர்டான சிஎஸ்எல்பி தளத்தில் அந்த நம்பரைப் போடுங்கள். 'ஆக்டிவ்' என்று வந்ததும் மூடிவிடாதீர்கள். வகை சி-10 (மின்வேலைக்கானது) ஆக இருக்கிறதா, 25,000 டாலர் பாண்ட் (உத்தரவாதப் பத்திரம்) இருக்கிறதா, கொட்டேஷனில் உள்ள கம்பெனி பெயரும் அங்கே உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். அப்புறம் 'பெர்சனெல்' (Personnel) என்று ஒரு பக்கம் இருக்கும், அந்த லைசென்ஸில் யார் யார் பெயர் என்று அதில் பாருங்கள். ஆள் வரும்போது லைசென்ஸ் பாக்கெட் கார்டையும் போட்டோ ஐடியையும் காட்டச் சொல்லுங்கள். முன்பணம் ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் கேட்கக் கூடாது என்பது சட்டம். பாதி கேட்கிறார் என்றால் அங்கேயே பேச்சு முடிந்தது.

சாந்தி_மில்பிட்டாஸ்
அதே தளத்தில் ஒர்க்கர்ஸ் காம்ப் (ஊழியர் விபத்துக் காப்பீடு) என்ற இடத்தையும் பாருங்கள். ஊழியரே இல்லை என்று விலக்கு வாங்கியிருப்பார்கள், வேலைக்கு மட்டும் இரண்டு பேரோடு வருவார்கள். பெர்மிட் உங்கள் பெயரில் இருந்து யாருக்காவது அடிபட்டால் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும். நகரத்தின் பெர்மிட் தளத்தில் காண்ட்ராக்டர் பெயர் அல்லது லைசென்ஸ் நம்பர் போட்டுத் தேட முடிந்தால் தேடுங்கள். அவருடைய பழைய பேனல் வேலைகள் 'ஃபைனல்' (கடைசி இன்ஸ்பெக்ஷன் முடிந்தது) ஆகியிருந்தால் நிம்மதி. வரிசையாக 'எக்ஸ்பயர்ட்' என்று நின்றால், பெரும்பாலும் கடைசி இன்ஸ்பெக்ஷனுக்கு யாரையும் கூப்பிடவில்லை என்று அர்த்தம்.

ராஜா_சாக்ரமென்டோ
எதற்கு பெர்மிட்? எடுத்தால் சொத்து வரி ஏறும். என் நண்பர்கள் யாரும் எடுப்பதில்லை.

வைகைக்கரை
ஏறாது. பெர்மிட் விவரம் கவுண்டி அசெஸருக்கு (சொத்து மதிப்பு போடும் அதிகாரி) போகும், ஆனால் பழையதை மாற்றுவதும் பழுது பார்ப்பதும் புதுக் கட்டுமானக் கணக்கில் வராது. அறை கூட்டிக் கட்டினால் அந்தப் பகுதிக்கு மறுமதிப்பீடு உண்டு.

ராஜா_சாக்ரமென்டோ
100ஐ 200 ஆக்குவது பழுது பார்ப்பதா? மேம்பாடுதானே?

கிண்டி_பழனி
வரியை வேறு இழையில் பேசுங்கள். பேனல் மாற்ற மின்கம்பெனி வந்து இணைப்பைத் துண்டித்துத் திரும்பக் கொடுக்கணும், நகர இன்ஸ்பெக்டர் சரி சொல்லாமல் அது நடக்காது. பெர்மிட் இல்லாமல் செய்கிறேன் என்பவன் மீட்டரில் கை வைக்கப் போகிறான் என்று அர்த்தம். அந்தப் பக்கக் கம்பிகளில் எப்போதும் மின்சாரம் இருக்கும், மெயின் பிரேக்கரை அணைத்தாலும்.

மின்னல்மாமா
அதனால்தான் சொல்கிறேன், பேனலைத் தொடாதீர்கள். 20 ஆம்பியர் போதும். அதற்கும் பெர்மிட் உண்டு.

ஓமலூர்க்காரன்
பார்த்தேன். நம்பர் சி-10 தான், ஆனால் பெர்சனெல் பக்கத்தில் இவர் பெயர் இல்லை. கேட்டால் நண்பருடைய லைசென்ஸ் என்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நன்றி.

சாந்தி_மில்பிட்டாஸ்
நல்லது. போர்டில் ஒரு புகாரும் கொடுத்துவிடுங்கள், அடுத்த வீட்டிலும் இதே நம்பரைத்தான் நீட்டுவார். மற்ற இரண்டு கொட்டேஷன்களில் பெர்மிட் யார் எடுப்பதாகப் போட்டிருக்கிறது?

மின்னல்மாமா
லோடு கணக்குப் போட்டீர்களா தம்பி?