புதுப்பிப்பு: அண்ணனின் மான் தொட்டி

போன மாதம் கேட்டிருந்தேனே, டெக்சஸில் இருக்கும் அண்ணன் தன் நிலத்துக்கு வரும் வெள்ளைவால் மான்களுக்கு எந்தத் தீவனத் தொட்டி வைக்கலாம், சுழன்று மக்காச்சோளம் வீசுவதா, குழாய் வழியே தானாக இறங்குவதா என்று. குழாய் வகையைத்தான் வாங்கினார். சோளத்தில் புரதம் 8 சதவீதம் போலத்தான், கொம்பு வளரும் காலத்தில் 16 சதவீதமாவது வேண்டும், அதைத் தரும் புரதக் குருணைத் தீவனத்துக்குக் குழாய்தான் சரி.

ஆனால் போன வாரம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டில் வீடியோ காலில் பார்த்தபோது மனசு கஷ்டமாகிவிட்டது. மழைக்குப் பிறகு குழாய்க்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்துக் காட்டினார், சாணி உருண்டை மாதிரி ஒட்டிக்கொண்டு, ஓரமெல்லாம் பச்சைப் பூஞ்சணம். மூடி சரியாக உட்காரவில்லை. பூஞ்சண நஞ்சு மானின் ஈரலைக் கெடுக்கும் என்பதால் மொத்தத்தையும் கொட்டச் சொன்னேன். இப்போது குழாய் வாய்க்கு மேல் தகரக் கூரை போட்டிருக்கிறார், கொஞ்சமாகத்தான் நிரப்புகிறார். அப்புறம் சுற்றிலும் 34 அங்குல வேலி: மான் தாண்டும், காட்டுப்பன்றி தாண்டாது.

பழகாத மானுக்குச் சோளத்தைத் திடீரென்று நிறையப் போடாதீர்கள், இரைப்பையில் அமிலம் ஏறிச் செத்தே போகும். ஒரே குழாயில் பல வாய் பட்டால் எச்சில் வழியே நோயும் பரவும்.

இங்கே மலேசியாவில் மிளா மானுக்குத் தொட்டி வைக்கலாமா என்று கேட்ட அக்காவுக்கு: வேண்டாம். நம் காட்டில் பனிக்காலம் இல்லை, வருடம் முழுக்கத் தழை இருக்கிறது. தாமான் நெகாரா தேசியப் பூங்காவில் உப்பு மண்ணைத் தேடி அவை தாமே வரும்.