5 ரூபாய் பொடிப் பாக்கெட்: சிக் ஷாம்பு பாடம் மசாலாவுக்குச் செல்லுமா?

பொடிக்கடை (இழையைத் தொடங்கியவர்)

சிறுதொழில் என்று வாயெடுத்தாலே நம் ஊரில் சிக் ஷாம்பு கதைதான் முதலில் வரும். கடலூர்க்காரர் சி.கே. ரங்கநாதன் குடும்பத் தொழிலை விட்டு வெளியே வந்து 1983-ல் 15,000 ரூபாய் முதலில் சிக் இந்தியாவைத் தொடங்கினார். அப்பா சின்னிகிருஷ்ணன் பெயரைச் சுருக்கித்தான் 'சிக்'. இன்றைய கவின்கேர் அதுதான். பாட்டில் வாங்க வசதியில்லாதவர் கையில் சாஷேயை (ஒரு தடவைக்கான சின்ன பாக்கெட்டை) கொடுத்தார், ஜெயித்தார்.

என் கட்சி இது: புதிதாக மசாலாப் பொடி போடுகிறவர் 100 கிராம் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு பெரிய கம்பெனிகள் அடைத்து வைத்திருக்கும் ரேக்கில் போய் முட்டிக்கொள்ளக் கூடாது. 5 ரூபாய்ச் சரமாகப் பெட்டிக்கடையில் தொங்க வேண்டும்.

கணக்கும் சாதகமாகவே வருகிறது. எம்ஆர்பி 5 ரூபாய். கடைக்காரருக்கு 20 சதவீதம் போனால் 4.17. ஸ்டாக்கிஸ்ட்டுக்கு (மொத்த விநியோகஸ்தருக்கு) 8 சதவீதம் போனால் 3.86. அதில் 5 சதவீத ஜிஎஸ்டியைக் கழித்தால் நம் கைக்கு 3.67. உள்ளே 8 கிராம் சாம்பார் பொடி. வறுத்து அரைத்த அடக்கம் கிலோ 220 என்று வைத்தால் 1.76. ஃபிலிம் 22 பைசா, கூலி, கரண்ட், சரம் கட்டுவது எல்லாம் 25 பைசா. மீதி 1.44. கிலோவுக்கு 180 ரூபாய். இதே பொடியை 100 கிராம் 50 ரூபாய் என்று விற்றால் கிலோவுக்கு 126-தான் நிற்கிறது. சின்ன பாக்கெட்டில்தான் காசு. மறுப்பவர்கள் வரலாம்.

கணக்குப்பிள்ளை

பாக்கெட் கணக்கு சரி, லைன் கணக்கைக் காணோமே. அதாவது கடை கடையாக வண்டியில் போய்ச் சரக்குப் போடுகிற செலவு.

புது பிராண்டை எந்த ஸ்டாக்கிஸ்ட்டும் முதல் நாளே எடுக்க மாட்டார். முதல் ஆறு மாதம் நாமேதான் லைன் போக வேண்டும். ஒரு பையன், ஒரு வண்டி, சம்பளம், டீசல் சேர்த்து ஒரு நாளைக்கு 1,100 ரூபாய் என்று வையுங்கள். நாள் முழுக்க ஓடினால் 40 கடை. கடைக்கு 12 பாக்கெட் கொண்ட ஒரு சரம் போட்டால் 480 பாக்கெட். பாக்கெட்டுக்கு 1.44 வீதம் 691. ஸ்டாக்கிஸ்ட் கமிஷனும் நமக்கே என்பதால் இன்னொரு 141. ஆக மொத்தம் சுமார் 830. வண்டி தெருவில் இறங்கினாலே 270 ரூபாய் நஷ்டம்.

கடைக்கு இரண்டு சரம் போனால்தான் லைன் நிற்கும். ஒரே ஒரு சாம்பார் பொடியை வாரத்துக்கு இரண்டு சரம் எந்தப் பெட்டிக்கடை விற்கும்? மிளகாய், மல்லி, மஞ்சள், ரசப்பொடி என்று நாலைந்து சரக்கு வண்டியில் இருந்தால் சரி. அதற்கு நாலைந்து ஃபிலிம், நாலைந்து ஸ்டாக், நாலைந்து மடங்கு முதல்.

ஃபிலிம் ரோல்

அந்த 22 பைசாவைப் பற்றிக் கொஞ்சம். 60க்கு 80 மில்லிமீட்டர் பவுச், இரண்டு பக்கமும் சேர்த்து 96 சதுர சென்டிமீட்டர். வாசனை போகாமல் இருக்க 12 மைக்ரான் பெட் (பாலியெஸ்டர்), 12 மைக்ரான் மெட்டலைஸ்டு பெட், 40 மைக்ரான் பாலி என்ற மூன்றடுக்கு வேண்டும். சதுர மீட்டருக்குச் சுமார் 75 கிராம் எடை. ஒரு பவுச்சுக்கு 0.72 கிராம் ஃபிலிம். கிலோ 280 ரூபாய் என்றால் 20 பைசா, சேதாரம் சேர்த்து 22. கணக்கு சரிதான்.

ஆனால் இது ரோல் வாங்கிய பிறகு வருகிற கணக்கு. செதுக்கிய உருளையால் அடிக்கும் கிராவூர் அச்சில் நிறத்துக்கு ஒரு சிலிண்டர். ஆறு நிறம் போட்டால் ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் சில ஆயிரம். 100 கிலோவுக்குக் கீழே பெரும்பாலான அச்சகங்கள் தொடவே மாட்டார்கள். 100 கிலோ ஃபிலிம் என்றால் ஏறக்குறைய 1,30,000 பாக்கெட். அதை நிரப்ப ஒரு டன்னுக்கு மேல் பொடி வேண்டும். 40 கடை லைனில் ஒரு நாளைக்கு 480 பாக்கெட் போனால், இந்த ஒரு ரோல் தீர 270 நாள்! அதற்குள் விலாசம் மாறும், விலை மாறும். மிச்ச ரோல் பழைய இரும்புக்கடைக்குக்கூடப் போகாது.

இன்னொன்று எடை. சின்ன பாக்கெட் மெஷின்கள் பல கப் ஃபில்லர். அளப்பது கனஅளவை, எடையை அல்ல. அரைத்த சூட்டோடு பொடி உப்பலாக இருக்கும்போது கப்பைச் செட் செய்துவிட்டு, மறுநாள் பொடி அமுங்கியதும் ஓட்டினால் 8 கிராமுக்குப் பதில் 8.4 விழும். அரை கிராம்கூட இல்லை, ஆனால் 5 சதவீதம். கிலோவுக்கு 11 ரூபாய் காற்றில். 100 கிராம் பாக்கெட்டில் ஒரு கிராம் கூடினாலும் 1 சதவீதம்தான். குறைத்துப் போட்டால் எடையளவுச் சட்டம் இருக்கிறது.

அரைத்த பொடியைத் தட்டில் பரப்பி இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் சலித்துத்தான் மெஷின் மேலிருக்கும் ஹாப்பரில் கொட்ட வேண்டும். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்துக் கட்டி கட்டும்.

பொடிக்கடை

முதல் ரோலை அச்சடித்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? வெற்று மெட்டலைஸ்டு ரோல் 20, 30 கிலோவாகக் கிடைக்கிறது. ஸ்டிக்கர் ஒட்டி ஓட்டலாம்.

ஃபிலிம் ரோல்

ஒட்டலாம். 5 ரூபாய் பாக்கெட்டுக்கு 15 பைசா ஸ்டிக்கரும் அதை ஒட்டுகிற கையும் சேர்ந்தால் உங்கள் 1.44 கரையும். பிராண்டு பெயரை ஒரே நிறத்தில் ரோல் முழுக்கத் தொடர்ச்சியாக ஃபிளெக்ஸோ அச்சில் (சிலிண்டருக்குப் பதில் வளையும் தகடு) அடித்துக்கொள்வதே மலிவு. பார்க்க அழகாக இருக்காது, அவ்வளவுதான்.

மெஸ் சப்ளை

நீங்கள் எல்லோரும் ஒரே ஆளைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். ஹட்சன் பால் நிறுவனத்துச் சந்திரமோகனைப் பாருங்கள். 1970-ல் ராயபுரத்தில் 13,000 ரூபாயில் குச்சி ஐஸ் தொழில் தொடங்கியவர். சென்னையில் பெரிய பிராண்டுகள் இருந்த கடைகளில் மல்லுக்கு நிற்காமல் கல்லூரி கேன்டீன், மெஸ், கப்பல் என்று சப்ளை பிடித்தார். பிறகு அருண் ஐஸ்கிரீமைச் சிறு ஊர்களுக்குக் கொண்டுபோய், தன் சரக்கு மட்டுமே இருக்கும் பார்லர்களாகப் போட்டார். அடுத்தவன் ஃப்ரீசரில் மூலையில் கிடக்காமல் ஃப்ரீசர் முழுக்கத் தன் சரக்கு.

பொடிக்காரருக்கு இந்தப் பாடம்தான் உதவும். 5 கிலோ கவரில் ஹாஸ்டல், கல்யாண கேட்டரிங், டிபன் கடை. சிலிண்டர் வேண்டாம், சரம் வேண்டாம், ஸ்கீம் வேண்டாம். கிலோவுக்கு 60 ரூபாய் நின்றாலும் ஒரே மெஸ்ஸுக்கு மாதம் 40 கிலோ போகும். 10 மெஸ் பிடித்தால் மாதம் 24,000. அந்தக் காசில் சாஷேவுக்குப் போங்கள்.

கணக்குப்பிள்ளை

அந்த 24,000 கைக்கு எப்போது வரும்? அதையும் சொல்லுங்கள்.

மெஸ்காரர் ரொக்கம் தர மாட்டார். 400 கிலோவில் உங்கள் பணம் 88,000 வெளியே நிற்கும். இரண்டு மாதம் இழுத்தால் 1,76,000. உத்யம் என்கிற அரசின் சிறுதொழில் பதிவு இருந்தால் சட்டம் துணைக்கு வரும்: எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள், இருந்தால் அதிகபட்சம் 45 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. வருமான வரிச் சட்டமும் சேர்ந்துகொண்டது. கெடு தாண்டியும் ஆண்டு முடிவில் கொடுக்காமல் நிற்கும் பில்லை வாங்கியவர் அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. ஆனால் இது கணக்குப் புத்தகம் வைத்திருக்கும் கல்லூரி, கம்பெனி கேன்டீனுக்குத்தான் உறைக்கும். கணக்கு எழுதாமல் உத்தேச வருமானம் காட்டுகிற சின்ன மெஸ்காரருக்கு இந்தப் பயமெல்லாம் கிடையாது.

சாஷேவில் ஒரு பெரிய வசதி, சரத்துக்குக் கையில் காசு. 50 ரூபாய்க்கு யாரும் கடன் சொல்ல மாட்டார்கள். அதில் பொடிக்கடை பக்கம் நியாயம் இருக்கிறது.

ரங்கநாதன் கதையில் யாரும் பேசாத ஒரு துண்டும் உண்டு. அடமானம் வைக்க எதுவும் இல்லாத அவருக்கு வங்கிக் கடன் கிடைத்ததற்கு, சிறு தொழிலாக இருந்தும் வருமான வரி கட்டி வந்ததே காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். பில் போடாமல் விற்று மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் கவனிக்கவும்.

சரம்

எல்லோரும் 'சின்ன பாக்கெட், குறைந்த விலை' என்பதையே பாடமாக எடுத்துக்கொள்கிறீர்கள். சிக் வரும்போது சாஷே புதிதே இல்லை. ரங்கநாதன் வீட்டிலேயே வெல்வெட் ஷாம்பு சாஷே ஓடிக்கொண்டிருந்தது. விலைதான் பாடம் என்றால் வெல்வெட்டை சிக் எப்படி முந்தியது?

அவர் செய்த வேலை வேறு. கிராமத்தில் ஒரு பையனை உட்காரவைத்து எல்லோர் முன்னாலும் தலைக்குப் போட்டுவிட்டு, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். அடுத்து காலி சாஷே திட்டம்: எந்தக் கம்பெனி ஷாம்பு ஆனாலும் ஐந்து காலி சாஷே கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம். பிடித்துப்போன பிறகு, சிக் காலி சாஷே மட்டும்தான் செல்லும் என்று மாற்றினார்கள். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சம் ஆனதாக அவரே சொன்ன கணக்கு. அதன் பிறகுதான் மல்லிகை, ரோஜா வாசனை. 50 பைசா சாஷே வந்தது 1999-ல், தொடங்கி 16 வருஷம் கழித்து!

சலுகை கடைக்காரருக்குப் போகாமல் வாங்குபவருக்குப் போனதைப் பாருங்கள். 'பத்துக்கு ஒன்று' என்று கடைக்குக் கொடுத்தால் அந்த ஒன்று அவர் லாபத்தில் சேரும், அவ்வளவுதான். காலி சாஷேயோடு ஆள் வந்து கேட்டால் கடைக்காரர் சரக்கு வைத்தே ஆக வேண்டும்.

மெஸ் சப்ளை

இன்று அந்தத் திட்டத்தைப் போட்டால் குப்பை பொறுக்கியே பாதிப் பேர் சரம் வாங்கிவிடுவார்கள். அச்சகத்தில் கழிந்த ஃபிலிமே பாக்கெட் வடிவில் திரும்பி வரும்.

சரம்

வரும். அதனால் வாங்குகிற இடத்திலேயே எண்ணி, கத்தரியால் குறுக்கே வெட்ட வேண்டும். சீல் தழும்பும் தேதி முத்திரையும் இல்லாத துண்டைக் கழிக்க வேண்டும். பொடிக் கவர் என்பதால் எறும்பும் இலவசமாக வரும், அதற்கு ஒரு டப்பா வைத்துக்கொள்ளுங்கள்.

பொடிக்கடை அவர்களுக்கு என் முக்கிய மறுப்பு இனிமேல்தான். சிக் சாஷே ஒரு தலைக்கு ஒரு குளியல். பிரித்தால் மிச்சம் கிடையாது, போதாமலும் இருக்காது. உங்கள் 8 கிராம் எத்தனை பேருக்குச் சாம்பார்? நாலு பேர் குழம்புக்கு 10 கிராமாவது வேண்டும். 8 கிராமில் வைத்தால் குழம்பு சப்பென்று இருக்கும். இரண்டு பாக்கெட் பிரித்தால் முக்கால் பாக்கெட் வீண். முதல் தடவை வாங்கியவர் 'இந்தப் பொடி சரியில்லை' என்பார். பொடி நல்ல பொடிதான், அளவுதான் தப்பு. சாம்பாரை விடுங்கள். ரசப்பொடிக்குப் போங்கள். நாலு பேர் ரசத்துக்கு இரண்டு டீஸ்பூன், 6 கிராம். ஒரு பாக்கெட், ஒரு ரசம்.

பொடிக்கடை

இதை ஒத்துக்கொள்கிறேன். 10 கிராம் போட்டால் பொடி மட்டும் 2.20 ஆகி, மீதி ஒரு ரூபாய்தான். ரசப்பொடியில் மிளகு, சீரகம் ஏறுவதால் கிலோ அடக்கம் 320 வைக்கிறேன். 6 கிராம் 1.92. ஃபிலிமும் கூலியும் போக 1.28 நிற்கிறது. சாம்பாரைவிட 16 பைசா குறைவு, பரவாயில்லை. ஆனால் லைன் கணக்கு இன்னும் உதைக்கும்.

கணக்குப்பிள்ளை

உதைக்கத்தான் செய்யும். இரண்டு சரம் போட்டாலும் 40 கடைக்கு 960 பாக்கெட், 1,230 ரூபாய், கமிஷன் மிச்சம் 280. ஆக 1,510. வண்டிச் செலவு போக 410. ஒரு நாள் மழை பெய்தால் அந்த வார லாபத்தில் பாதி அவுட். மெஸ் சொன்ன 5 கிலோ கவரும் அதே வண்டியில் ஏறினால்தான் தாங்கும்.

ஃபிலிம் ரோல்

ரசப்பொடியில் ஒரு தொல்லை. கொரகொரப்பாக அரைப்பதால் மிளகுத் துகள் சீல் போடும் இடத்தில் போய் உட்காரும். வெளியே பார்த்தால் ஒட்டியது போலத்தான் இருக்கும்; சரத்தை உதறினால் கடைக்காரர் மேசையில் பொடி. உடனே ஹீட்டரைக் கூட்டுவார்கள், ஃபிலிம் சுருங்கும், துகள் அங்கேயேதான் இருக்கும். பொடி விழும் குழாயின் வாயைச் சீல் கோட்டிலிருந்து தள்ளி வைத்து, வேகத்தைக் குறைத்து, முழுப் பொடியும் இறங்கிய பிறகு சீல் போடும் தாடை மூடும்படி நேரத்தைச் செட் செய்ய வேண்டும். மணிக்கு ஒருமுறை பத்துப் பாக்கெட்டைத் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் மெஷினை நிறுத்துங்கள்.

மெஸ் சப்ளை

மிளகு விலை ஏறினால் என்ன செய்வீர்கள்? 5 ரூபாயை 6 ஆக்க முடியாது, சில்லறை இல்லை என்பான். கிராமைக் குறைத்தால் ரசம் சப்பென்று போகும். அதோடு ரோலில் '6 கிராம்' என்று அச்சாகியிருக்கும்.

ஃபிலிம் ரோல்

எடையையும் விலையையும் ரோலில் அச்சடிக்கவே கூடாது. அந்த இடத்தை வெள்ளையாக விட்டு, தேதி அடிக்கும் கோடரிலேயே மூன்றையும் அடியுங்கள். 5.5 கிராம் வரை இறங்கலாம்.

சரம்

இறங்குவதற்கு முன் ஒரு ரசம் வைத்துப் பாருங்கள்.